ஈய நஞ்சை இனங்காட்டிய அம்மையார்

ஈயம் என்னும் சொல் தமிழ் இல்லங்களுக்குப் புதியதன்று. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழும் முதியோர், பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாகக் கூவி வந்த காலத்தை இன்றும் நினைவுகூர்வர். ஈயச் செம்பில் வைத்த இரசத்தின் மணத்தையும் மறவார். ஆயினும் ஈயம் என்னும் ஒரே பெயரால் வழங்கும் உலோகங்கள் இரண்டு. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இரசச் செம்புக்கும் பாத்திரப் பூச்சுக்கும் உரியது வெள்ளீயம். கொள்ளிடத்தில் வீசும் வலையின் ஓரத்தில் கோத்த குண்டும், வண்டிகளின் மின்கலத்துள் அடுக்கிய தகடும் காரீயத்தால் ஆனவை. முன்னது உணவோடு பழகத் தக்கது, பின்னதோ நஞ்சு. இங்கு இனி ஈயம் என வருமிடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

பாம்பின் நஞ்சு பெரும்பாலும் விரைவில் தன்னைக் காட்டிவிடும். ஈய நஞ்சோ அத்தகையதன்று. அது புழுதியாகவும் புகையாகவும் உடலுட் புகுந்து, ஓசையின்றித் தங்கி, ஆண்டுக் கணக்கில் தீமை விளைப்பது. அதனை இனங்காணும் முறையை மருத்துவர்க்குக் கற்பிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரே ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

ஆலிஸ் ஹாமில்டன் 1869ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். இந்தியானா மாநிலத்துப் போர்ட் வெய்ன் என்னும் ஊரில் வளர்ந்தார். தொடக்கத்தில் அவர் பள்ளிக்குச் செல்லவில்லை. பெற்றோரே வீட்டில் கல்வி புகட்டினர். உடன்பிறந்த பெண்கள் மூவர். அவருள் மூத்தவரான ஈடித், பிற்காலத்தில் கிரேக்க இலக்கியங்களை எளிமையாக எழுதிப் புகழ் பெற்றவர்.

தந்தையின் வாணிகம் நலிவுற்றது. பெண்கள் தம் காலில் தாமே நிற்க வேண்டிய நிலை வந்தது. ஆலிஸ் மருத்துவத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். எந்நாட்டிற்குச் சென்றாலும், எத்தகைய மக்களிடை வாழ்ந்தாலும் மருத்துவர்க்குப் பணி உண்டு என்னும் எண்ணமே அதற்குக் காரணம். 1893ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். மேற்கல்வியின்பொருட்டு ஜெர்மனி சென்றார். அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவராக ஏற்கவில்லை. ஆடவர் கண்ணில் படாவண்ணம் ஒதுங்கி அமர்ந்து பாடங் கேட்கலாம் என்னும் அளவிற்கே இசைவு கிடைத்தது. அவர் அதனையும் பொறுத்துக்கொண்டு மியூனிக், லைப்சிக் ஆகிய நகரங்களிற் பயின்றார்.

ஏழையர் நடுவே

1897ஆம் ஆண்டு சிகாகோ நகரத்துப் பெண்கள் மருத்துவப் பள்ளியில் நோய்க்கூற்றியல் ஆசிரியராகப் பணி ஏற்றார். அந்நகரில் ஜேன் ஆடம்ஸ் என்னும் பெருந்தகையார் நிறுவிய ஹல் இல்லம் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியின் நடுவே இருந்தது. கற்றோர் அங்குத் தங்கி, அக்கம்பக்கத்து மக்களுக்குத் தொண்டு புரிந்துவந்தனர். ஆலிஸும் அங்கேயே குடியேறி, 22 ஆண்டுகள் வாழ்ந்தார். பகலில் பாடம் கற்பித்தார். எஞ்சிய வேளையில் குழந்தைகள் நல விடுதி ஒன்றை நடத்தினார். தாய்மார் கொணரும் பச்சிளங் குழந்தைகளைத் தம் கையாலேயே குளிப்பாட்டினார். அக்குழந்தைகளின் தந்தையர் இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். அவர்களுட் பலர் நடுத்தர வயதிலேயே கை சோர்ந்து, முகம் வெளிறி, வேலைக்கு உதவாதவராய் வீட்டில் முடங்கிக் கிடந்ததை ஆலிஸ் கண்டார். காரணம் வினவியவர் எவருமிலர்.

1902ஆம் ஆண்டு சிகாகோவில் குடற்காய்ச்சல் பரவியது. ஈக்களே நோயைப் பரப்புகின்றன என்று ஆலிஸ் ஆய்ந்து எழுதினார். அவ்வெழுத்து அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆனால் குடிநீர்க் குழாயில் சாக்கடை நீர் கலந்ததும், சுகாதார அதிகாரிகள் அதனை மறைத்ததுமே உண்மைக் காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. தம் முடிவு தவறு என்பதை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றிலும் வெளிப்பட எழுதிவைத்தார். தம் புகழைக் குறைக்கும் உண்மையையும் சொல்லத் துணிந்தவர், பிறர் மறைக்கும் உண்மையைத் தேடப் புறப்பட்டதில் வியப்பில்லை.

நஞ்சைத் தேடிய பயணம்

ஐரோப்பிய நாடுகளில் தொழிற்சாலை நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி அப்பொழுதே வளர்ந்திருந்தது. நோயாளியிடம் அவர்தம் தொழில் யாது என்று வினவுதல் வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியிருந்தார். அமெரிக்க மருத்துவர்களோ அதனைப் பொருட்படுத்தவில்லை. தம் நாட்டுத் தொழிற்சாலைகள் சிறந்தவை. ஆகவே அங்கு ஈய நோய் இல்லை என்று அவர்கள் நம்பினர். தொழிலாளி நோயுற்றால், அவன் குடியனென்றோ தூய்மையற்றவனென்றோ கூறி அனுப்பிவிட்டனர்.

1910ஆம் ஆண்டு இல்லினாய் மாநில அரசு தொழில் நோய்களை ஆராயக் குழு ஒன்றைப் பணித்தது. அமெரிக்காவில் அத்தகைய ஆராய்ச்சி நிகழ்ந்தது அதுவே முதன்முறை. அதனை நடத்தும் பொறுப்பு ஆலிஸ் அம்மையாரிடம் வந்தது. ஈயத்தை ஆராயும் பகுதியை அவரே மேற்கொண்டார். எந்தெந்தத் தொழிற்சாலையில் ஈயம் வழங்குகிறது என்பதைச் சொல்லும் பட்டியல்கூட அக்காலத்தில் இல்லை. ஆகவே அவர் மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார். மருந்துக் கடைக்காரர், சமயத் தொண்டர், பிணம் அடக்குவோர் ஆகியோரையும் கண்டு வினவினார். தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று, சமையலறையில் அமர்ந்து, அவர்தம் மனைவியரிடம் நெஞ்சு கலந்து பேசினார். ஆலையில் அச்சத்தால் வாய் திறவாதவர், வீட்டில் உண்மையை உரைத்தனர்.

ஒரு நிகழ்ச்சி அவரது முறையை நன்கு விளக்கும். மருத்துவமனையொன்றில் ஈய நோயால் வயிற்றுவலி உற்றுத் துன்புற்ற போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவரை அவர் கண்டார். குளியல் தொட்டிகளுக்கு மெருகுப் பூச்சு இடுவது அவர் தொழில். அத்தொழிலில் ஈயம் உண்டென்பதை ஆலிஸ் அதுவரை அறியார். அவ்வாலைக்குச் சென்றபொழுது, மேலாளர் தூய அறை ஒன்றைக் காட்டி, ஈயம் வழங்குவதில்லை என்று கூறிவிட்டார். ஆலிஸ் அதனோடு அமையவில்லை. தொழிலாளி ஒருவரின் வீட்டைத் தேடிச் சென்றார். அவருக்குக் காட்டப்பட்டது இறுதியாகத் தொட்டு முடிக்கும் வேலை மட்டுமே என்பதும், பழுக்கக் காய்ந்த தொட்டியின்மீது பொடியைத் தூவும் கொடிய வேலை வேறிடத்தில் நிகழ்வதும் அங்கே வெளிப்பட்டன. அப்பொடியைப் பெற்றுச் சோதித்ததில், நூற்றுக்கு 20 பங்குவரை ஈயம் கலந்திருந்தமை புலனாயிற்று.

இவ்வாறு தேடியதன் பயனாக, ஈயம் வழங்கும் தொழில்முறைகள் 70க்கு மேற்பட்டவை என்பது தெரிந்தது. சுருட்டின்மேல் ஈயத்தாள் சுற்றுதல், கண்ணாடிக்கு மெருகேற்றுதல் போன்ற, எவரும் ஐயுறாத தொழில்களும் அவற்றுள் இருந்தன. ஈய நோயுற்றோர் 578 பேரை அவர் சான்றுடன் பதிவு செய்தார். ஈற்றில் தோன்றும் கருநீலக் கோடு, மருத்துவரின் உறுதியான முடிவு போன்ற தெளிந்த சான்று இருந்தாலன்றி, எவரையும் அக்கணக்கிற் சேர்க்கவில்லை. அச்சான்றின் உறுதிக்கு எதிரே மறுப்புகள் நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டு, தொழில் நோய்களிலிருந்து தொழிலாளரைக் காக்கும் சட்டம் இல்லினாய் மாநிலத்தில் இயற்றப்பட்டது.

வெல்லும் சொல்

1910ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலக மாநாட்டில், தொழில் நலம் பேணுதல் என்பது அமெரிக்காவில் இல்லவே இல்லை எனப் பெல்ஜிய அதிகாரி ஒருவர் எள்ளி உரைத்தார். அதனைக் கேட்டு நாணிய அமெரிக்கத் தொழில் ஆணையர், நாடு முழுவதும் சென்று ஆராயுமாறு ஆலிஸை அழைத்தார். ஆலைக்குள் கட்டாயமாக நுழையும் உரிமை அவருக்கு இல்லை. உரிமையாளரின் நல்லெண்ணமே வாயிலைத் திறத்தல் வேண்டும். எனினும் அவர் தயங்கவில்லை.

வெள்ளை ஈயம் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவர், தம் ஆலைத் தொழிலாளர் நோயுறுவதை நம்ப மறுத்தார். ஆலிஸ் சினங்கொள்ளவில்லை. மருத்துவமனைகளைத் தேடிச் சென்று, அவ்வாலைகளில் வேலை செய்து கடும் ஈய நோயுற்ற 22 பேரின் குறிப்புகளைத் திரட்டி அவர்முன் வைத்தார். துணைத்தலைவர் தம் சொல்லைக் காத்தார். புழுதியையும் புகையையும் அடக்கும் பொறிகளை அமைத்தார்; தொழிலாளரை வாரந்தோறும் சோதிக்க மருத்துவரை ஏற்படுத்தினார். பகைத்து வெல்லாமல் உணர்த்தி வெல்வதே அம்மையாரின் இயல்பு.

மருத்துவர்க்கு ஆசிரியர்

1919ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. ஆசிரியர் மன்றத்தில் நுழைதல் கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடத்தல் கூடாது. காற்பந்து ஆட்டத்திற்குரிய நுழைவுச்சீட்டைக் கேட்டல் கூடாது என மூன்று கட்டுப்பாடுகளை விதித்தனர். 1935ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் தந்தாரில்லர். அவற்றையெல்லாம் பெரிதாகக் கருதாது, அவர் தம் பணியிலேயே கருத்தைச் செலுத்தினார்.

வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச் சோகை, மணிக்கட்டுத் தொங்குதல் ஆகியவை ஒருவரிடம் காணப்பட்டால் அவரது தொழிலை வினவுதல் வேண்டும். இரத்தத்தைப் பெருக்காடியில் நோக்கிச் சிவப்பணுக்களில் நுண்புள்ளிகள் உள்ளனவா என்று காணுதல் வேண்டும். மருந்து கொடுப்பதோடு அமையாது, நஞ்சு வந்த வழியையும் அடைத்தல் வேண்டும் என்பன ஈய நோய்பற்றி மருத்துவர் கற்கத்தக்க அடிப்படைப் பாடங்களாயின. நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தையும் அறிந்து, பின்னர்த் தணிக்கும் வழியை நாடுக என வள்ளுவர் காட்டிய நெறியும் இதுவே அன்றோ? 1925ஆம் ஆண்டு அவர் அமெரிக்கத் தொழில் நஞ்சுகளைப் பற்றி எழுதிய நூல், மருத்துவர்க்குக் கைவிளக்காக அமைந்தது.

அவ்வாண்டிலேயே மற்றொரு போராட்டமும் எழுந்தது. வண்டிப் பொறிகள் தடையின்றி ஓடுதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கும் வழக்கம் தொடங்கியிருந்தது. அதனைச் செய்யும் ஆலைகளில் தொழிலாளர் சிலர் மாண்டனர். 1925ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் ஆலிஸ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆலைக்குள் ஈயத்தை ஓரளவு அடக்கலாம். நாடெங்கும் தெருக்களில் பரப்பிவிட்டால் அடக்க இயலுமோ என்பது அவர் கவலை. அவரது எச்சரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. அதன் விளைவை உலகம் பல்லாண்டுகள் நுகர்ந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், உலகிலேயே இறுதியாக அல்ஜீரியாவில் 2021ஆம் ஆண்டிலும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை முடிவுற்றது.

குழந்தைகளைத் தொடரும் நஞ்சு

ஆலிஸ் பெரிதும் ஆராய்ந்தது தொழிலாளர் நோயையே. ஆயினும் தந்தையின் ஆடையில் ஒட்டிய புழுதி வீட்டுக்கு வரும். வந்தால் மகவை விடாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கிப்சன் என்னும் கண் மருத்துவர், பிள்ளைகளின் ஈய நோய்க்குத் தாழ்வாரத்துக் கம்பிகளில் பூசிய ஈய வண்ணமே காரணம் என்று 1904ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1943ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் இருவர், ஈய நோயிலிருந்து தேறிவிட்டதாகக் கருதப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். உடல் தேறியது, ஆனால் கல்வியில் அவர்களுட் பெரும்பாலோர் பின்தங்கியிருந்தனர்.

இதற்குக் காரணம் உண்டு. உடல், ஈயத்தைச் சுண்ணச் சத்தென மயங்கி ஏற்று, எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவைக்கிறது. வளரும் மூளையையும் அது தாக்குகிறது. பெரியவர் உடல் ஏற்பதைப்போல் 4 அல்லது 5 மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் ஏற்கும். இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும் குறைந்த பிள்ளைகளிடம் அது மேலும் மிகும். நோயுற்ற பிள்ளை ஓடியாடி விளையாடுவதும் உண்டு. பாடம் மனத்திற் பதியாமை ஒன்றே அறிகுறியாக இருத்தலும் கூடும். அத்தகைய பிள்ளையை மந்தமென்று இகழ்தல் எத்துணைக் கொடுமை! இரத்தச் சோதனை ஒன்றே உண்மையைக் காட்டும். விரல் நுனியில் எடுத்த துளி ஐயத்தை எழுப்பினால், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து மீண்டும் சோதித்து உறுதி செய்வர். ஈயத்தில் தீங்கற்ற அளவு என்பது அறியப்படவில்லை. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே, அது வந்த வழியைக் கண்டு தடுத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

1990களின் இறுதியில், பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் அறக்கட்டளை சென்னை முதலிய பெருநகரங்களில் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தது. 12 வயதுக்குட்பட்டவருட் பாதிப் பேருக்கு, அவ்வளவில் 10 மைக்ரோகிராமுக்கும் மேற்பட்ட ஈயம் இருந்தது. அதன்பின் பெட்ரோலில் ஈயம் ஒழிந்தது. வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என 2016ஆம் ஆண்டு விதி பிறந்தது. எனினும் பழைய சுவர்களின் உதிரும் வண்ணம், பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் இடங்கள், செவ்வீயம் கலந்த சிந்தூரம், நிறத்துக்காக ஈயக் கலப்புப் பொடி சேர்த்த மஞ்சள் ஆகிய வழிகள் இன்னும் முற்றும் அடைபடவில்லை. வெள்ளீயம் பூச வேண்டிய பாத்திரத்தில் காரீயத்தைக் கலந்து பூசுதலும் அத்தகைய கேடே.

நீடிய புகழ்

ஆலிஸ் அம்மையார் 1943ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1947ஆம் ஆண்டு லாஸ்கர் விருது பெற்றார். 1970ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தமது 101ஆம் வயதில் கனெக்டிகட் மாநிலத்தில் இயற்கை எய்தினார். அதற்கு மூன்று திங்களுக்குப்பின், அமெரிக்கத் தொழிலாளர் அனைவரையும் காக்கும் பெருஞ்சட்டம் கையெழுத்தாயிற்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் கட்டடமன்று; பொருளன்று; ஒரு வினா. நோயாளி எங்கு வாழ்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்னும் எளிய வினாவே அது. 2022ஆம் ஆண்டு அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அங்குப் பயிலும் இளைஞரும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வீடுவீடாகச் செல்லும் கிராமச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளரும் அவ்வினாவைத் தம் நாவில் நிறுத்துதல் வேண்டும். சோர்ந்த பிள்ளை ஒன்றைக் கண்டால், தந்தையின் தொழில் யாது? சுவரின் வண்ணம் உதிர்கிறதா? பிள்ளை மண் தின்கிறதா? சமைக்கும் பாத்திரம் எத்தகையது? மஞ்சள் எங்கே வாங்கியது? என்று வினவுதல் வேண்டும். ஐயம் எழுந்தால் இரத்தத்தைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். மருத்துவத் துறையை நாடும் மாணவர் அனைவரும் இவ்வினாக்களை இன்றே மனத்திற் பதித்துக்கொள்வாராக.

சிகாகோ நகரத்துச் சமையலறைகளில் அமர்ந்து, அயல்மொழி பேசும் ஏழைத் தாயரிடம் பொறுமையுடன் வினவிய அம்மையாரின் தொண்டு அவ்வாறே தொடரும். வினவும் நாவும், சோதிக்கும் கையும், உண்மையை மறைக்காத நெஞ்சும் உள்ள இடத்தில், எத்துணை மறைந்து வரும் நஞ்சும் வெளிப்பட்டே தீரும்.